நம் என்று எழுதியிருந்தது

அசுன்சியோன், ஜனவரி வெயில்.
குளிரூட்டியை அணைத்தால்தான் ஒலிப்பதிவு சுத்தமாக வரும்.
அணைத்தோம்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமியா,
ஐஸ் மிதக்கும் தெரெரேக் குவளையைக் காலடியில் வைத்துவிட்டு
ஒற்றைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளில் இரண்டு நிறங்கள்.
நீலத்தில் ஸ்பானிஷ்: வட்டி, தவணை, நிபந்தனைகள்.
அதற்கென்று புவெனஸ் அயர்ஸிலிருந்து ஒரு கனத்த குரலை
ஏற்கெனவே வாங்கியாயிற்று.
பச்சையில் குவரானி: கோழி, மழை, சோளரொட்டி,
அடைப்புக்குறிக்குள் "சிரிக்கவும்".

"வட்டியையும் நானே குவரானியில் சொல்லட்டுமா?" என்றாள்.
பத்து வருடம் கணக்கராக இருந்தவள்.
விளம்பர நிறுவனத்து ஃபாப்ரிசியோ இனிமையாக மறுத்தான்.
"குவரானி இதயத்துக்கு, நிமியா.
எண்கள் அதில் எடுபடாது."
அவனுக்குத் தெரிந்த குவரானி
மூன்று வசைகள், ஒரு கால்பந்துக் கூச்சல்.

இன்னும் கொஞ்சம் மண்வாசனை, என்றான்.
கொடுத்தாள்.
இன்னும் கொஞ்சம் வெகுளி.
கொடுத்தாள்.
நான்காவது டேக்கில் அவள் குரல்
செருப்பில்லாமல் நடந்தது;
அவள் காரில் வந்திறங்கியவள், குதிகால் உயர்ந்த செருப்போடு.

கடைசி வரி மட்டும் பாக்கி.
ஸ்பானிஷில் அது சுலபம். "நோசோத்ரோஸ்" என்று ஒற்றைச் சொல்;
கேட்பவன் உள்ளே நிற்கிறானா வெளியேயா
என்று அது கவலைப்படுவதில்லை.
குவரானி கதவருகிலேயே கேட்டுவிடும்.
"ஞாந்தே" என்றால் நாம், நீயும் வா.
"ஒரே" என்றால் நாங்கள். நீ இல்லை.

தாளில் "ஞாந்தே" என்றுதான் இருந்தது. நம் வங்கி.
மொழிபெயர்த்தவர் யாரோ, ஒழுங்காகவே செய்திருந்தார்.
நிமியா ஒரு மிடறு உறிஞ்சினாள்.
மைக்கை நெருங்கினாள்.
அழும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்கிற குரலில்
"ஒரே" என்றாள்.
எங்கள் வங்கி.

என் விரல் பொத்தான்மேல் இருந்தது.
ஹெட்ஃபோனில் அவள் மூச்சு.
கண்ணாடி வழியே என்னையே பார்த்தாள்.
காகுவாசூவில் அவள் அண்ணனின் ஏழு ஹெக்டேர்
எந்த வங்கி வழியாகச் சோயா வயலுக்குள் போனதென்று
நான் கேட்டதில்லை.
அப்போதும் கேட்கவில்லை.
"அருமை! எனக்கே கண் கலங்கிவிட்டது" என்றான் ஃபாப்ரிசியோ.
கோப்புக்குப் பெயரிட்டேன்: இறுதி.

பதினொரு வாரம் ஓடியது.
ஏப்ரலில் ஒரு மாலை, நெரிசல் பேருந்து,
ஓட்டுநரின் வானொலியில் கோழி கொக்கரித்தது,
மழை பெய்தது,
கனத்த குரல் வட்டியை அவசரமாக விழுங்கியது,
பிறகு நிமியா.
"அதுதான் தெரியுமே, தாயே!"
வானொலிக்கே பதில் சொன்னார் ஓட்டுநர்.
கடைசி இருக்கைவரை சிரிப்பு ஓடியது.
மரவள்ளிக் கூடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை சிரித்தாள்.

என் பக்கத்தில் டை கட்டிய ஒரு பையன்,
கழுத்தில் அதே வங்கியின் அடையாள அட்டை.
ஸ்பானிஷில் கேட்டான்: "என்ன ஜோக்?"

"இலக்கணம்" என்றேன்.
என் நிறுத்தம் வந்துவிட்டது.