நாற்பத்தேழு அடித்து என்டர்

பன்னிரண்டுதான் திரையில் வரும்.
மீதி நாற்பத்தாறையும்
'நன்றி'க்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன்.

காரைக்குடி புதுப் பேருந்து நிலையத்துக்கு எதிர் லாட்ஜில்
ராத்திரி இரண்டு மணி வரை
கேள்விகளை நானே கேட்டுப் பார்த்தேன்
கண்ணாடி முன், குரலை மாற்றி மாற்றி.
அரு.சித. வயிரவன் செலவைக் கேட்பார்: இருபத்தொன்று.
போன தடவை ஆன செலவையும் விடமாட்டார்: இருபத்திரண்டு.
அள்ளிய வண்டல் யாருக்கு என்பார் உமையாள் டீச்சர்: முப்பத்து நான்கு.
பாம்பு, முப்பத்தொன்பது.
தெப்பம், நாற்பத்தேழு.
எண்ணை அடித்து என்டர் தட்டினால்
அந்தப் பக்கம் வந்து நிற்கும்.
எங்கிருந்து கூப்பிட்டாலும் நிற்க வேண்டுமே,
அதனால் 'முன்பு பார்த்தது போல' என்ற வரியை
எல்லாவற்றிலிருந்தும் அழித்தேன்.
எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்,
வியர்வைக்குப் பயந்து மணிக்கட்டிலும் ஒரு பிரதி.

முன்பெல்லாம் நான் இப்படி இல்லை.
தேவகோட்டையில் ஒரு தடவை
அறுபது ஸ்லைடையும் வரிசை பிசகாமல் ஓட்டினேன்.
மூன்றாவதில் ஒருவர் கை தூக்கினார்.
'அது பின்னாடி வருது சார்' என்றேன்.
பின்னாடி வந்தபோது
அவர் நாற்காலி மட்டும் இருந்தது.

பள்ளத்தூர்ப் பக்கம் அந்த ஊர் மண்டபத்தில்
நேற்றைய கல்யாணத்தின் தெர்மகோல் எழுத்தைக் கழற்றவில்லை.
கண்ணம்மை என்ற மணப்பெண்ணின் பெயரில்
நடுவைத் திரை மூடியது போக
இடப்பக்கம் 'கண்', வலப்பக்கம் 'மை'.

ஊருணி தூர்வாரல், ஒன்று.
வரத்துக்கால் அடைபட்ட இடங்கள், இரண்டு.
மூன்றைத் தொடுவதற்குள் தெப்பத்தைக் கேட்டார்கள்.
நாற்பத்தேழு, என்டர்.
மண்டபம் 'அட' என்றது.
பாம்பைக் கேட்டார்கள், வந்தது.
வண்டலைக் கேட்டது டீச்சர் இல்லை, டீச்சரின் மருமகன்.
அதனாலென்ன, வந்தது.
வயிரவன் மட்டும் செலவைக் கேட்கவே இல்லை.
சிங்கப்பூரில் இருக்கும் மகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு
பஜ்ஜி எடுக்கப் போனார்.
இரண்டு மணி வரை செதுக்கிய இருபத்தொன்று
இருட்டிலேயே கிடந்தது.
இருந்தாலும் சீட்டாட்டத்தில் நல்ல கை வந்தவள் மாதிரி
கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்றேன்.

அப்போது பின்வரிசையில்
டீத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு முத்துராக்கு கேட்டாள்:
'மூணு கரைக்கும் படி போட்டிருக்கீக.
எங்க கரைக்கு?'

ஒன்பதாவது ஸ்லைடு.
வடக்கு, கிழக்கு, மேற்கு.
தெற்கில் குறிப்புப் பெட்டியை வைத்திருந்தேன்,
இடம் காலியாக இருக்கிறதே என்று.

உள்ளங்கையைப் பார்த்தேன். மணிக்கட்டையும்.
யாரோ இருமினார்கள்.
'அதெல்லாம் அப்புறம்மா' என்றது முன்வரிசை.
என் நாக்கு நுனிக்கும் வந்துவிட்டது
அந்தத் தேவகோட்டை வாக்கியம்.

பி-யைத் தட்டினேன்.
திரை கருத்துப் போனது.
'கரண்ட் போச்சா?' என்று ஜெனரேட்டர்காரர் எழுந்தார்.
'இல்லண்ணே, நான்தான் அணைச்சேன்.
அக்கா, நீங்க வந்து காட்டுங்க.'

வந்தாள்.
டீ சிந்திய விரலாலேயே
ஒன்றுமில்லாத திரையில் இழுத்தாள்.
'இங்கன புளியமரம். இது நாங்க வர்ற தடம்.
இங்க வழுக்கித்தான் போன ஐப்பசில எம் மக கை ஒடிஞ்சது.'
வேறொருத்தி எழுந்து
மரம் இன்னும் தள்ளி என்றாள்.
கொஞ்ச நேரம் என்னை யாரும் பார்க்கவில்லை.

மறுபடி பி தட்டியபோது
ஒன்பது அப்படியே திரும்பி வந்தது.
குறிப்புப் பெட்டியின் குறுக்கே
ஈரமாக ஒரு டீக்கறைக் கோடு.

அந்த நேரம் பார்த்து, பஜ்ஜியோடு திரும்பிய வயிரவன்
'சரி, நாலாவது கரைக்கு என்ன ஆகும்?' என்றார்.
இருபத்தொன்றில் மூன்று கரைக்குத்தான் கணக்கு.

'யாராச்சும் ஒரு பேனா கொடுங்க' என்றேன்.