தெரிவுக் குமிழ்

பம்பலப்பிட்டியில் கடற்பக்கமாய் இறங்கும் ஒழுங்கை,
முதலாம் மாடி. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
மூன்று சோடி ஸ்பீக்கர்கள்,
சுவரில் முதுகு படாமல், சற்றே உட்பக்கம் திரும்பி,
படம் பிடிக்கக் காத்து நிற்கும் சம்பந்திகளைப் போல.

நாலேகால் லட்சம்.
பதினொன்றரை.
நாற்பத்தாறு.

விலைச்சீட்டைப் பின்பக்கம்தான் ஒட்டியிருக்கிறோம்.
முதலில் காது கேட்கட்டும் என்பது முதலாளியின் கொள்கை.
வருகிறவர்கள் முதலில் பின்பக்கம் போகிறார்கள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குத் தவயோகன் வந்தார்,
தோஹாவில் பதினேழு வருசம்
கட்டடங்களுக்குக் கணக்குப் பார்த்தவர்.
கூட நிலோஜினி. கூடவே இஸ்ஸதீன்,
ஒன்றும் வாங்காமல் எல்லாம் தெரிந்த நண்பர்.
வெள்ளவத்தையில் புது ஃப்ளாட், ஒன்பதாம் மாடி.
"சுவர் அதிரக் கூடாது தம்பி,
நெஞ்சு அதிர வேணும்."

நான் அந்த இசைத்தட்டை வைத்தேன்.
ஒரு வயலின், ஒரு மிருதங்கம்,
ஆலாபனை முடிகிற இடத்திலிருந்து.
"இது நாலேகால்."
குமிழைத் திருப்பினேன். "இது பதினொன்றரை."
மறுபடியும் திருப்பினேன்.
நாற்பத்தாறு என்று நான் சொல்லவில்லை,
சும்மா கையைக் காட்டினேன்.

இஸ்ஸதீன் கண்ணை மூடினார்.
முதலாவது பெட்டிக்குள்ளே கிடந்து கதைக்குது என்றார்.
மூன்றாவதில் பெட்டியே இல்லை என்றார்.
தவயோகன் தலையை ஆட்டினார், தாளத்துக்கல்ல,
எதையோ பெருக்கிப் பார்க்கிறவராய்.
நிலோஜினி பிளேன்டியை வைத்துவிட்டுச் சொன்னார்:
"இரண்டாவதில் வயலின் ஒரு அடி முன்னுக்கு வந்து இருந்தது."

எனக்கும் அப்படித்தான் கேட்டது.
சத்தியமாக ஒரு அடி.

பதினொன்றரைக்குக் கார்ட் இழுத்தார்கள்.
செவ்வாய்க்கிழமை டெலிவரி.
அவர்கள் படியிறங்கிய பிறகு
குமிழை நிறுத்தப் போனேன். கையோடு வந்தது.
திருகாணி எப்போதோ கழன்று,
அது தண்டின் மேல் வெறுமனே சுற்றியிருக்கிறது.
முதலாவதின் பின்னால் மட்டும்
சின்னப் பச்சை வெளிச்சம்,
மூன்று மணியிலிருந்து.

ஜன்னலைத் திறந்தேன். கார் இன்னும் போகவில்லை.
கூப்பிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.
அந்த நேரம் பாணந்துறை ரயில்
கடலை மறைத்துக்கொண்டு போனது.

திருகாணியை இறுக்கி, ஷட்டரைப் பாதி இறக்கி,
இந்த முறை தனியாக, ஒழுங்காகக் கேட்டேன்.
நாலேகாலில் வயலின் வயலினாய் இருந்தது, குறையில்லை.
பதினொன்றரையில் வில் திரும்புகிற இடம் தெரிந்தது,
நரம்பில் அது ஒரு கணம் தயங்குவதும்.
நாற்பத்தாறில்
இரண்டு சொற்கட்டுக்கு இடையில்
மிருதங்கக்காரர் மூக்கை உறிஞ்சினார்.

முப்பத்து நாலரை லட்சம் கூடக் கொடுத்தால்
ஒரு மனிதருக்குத் தடிமன் என்று தெரியவரும்.
நான் சிரிக்கவில்லை. மூன்று தரம் திருப்பிப் போட்டேன்.
சுகமில்லாமல் வாசித்திருக்கிறார்,
ஒரு அட்சரம் பிசகவில்லை.
என் சம்பளத்தில் அது
நாலு வருசமும் ஒன்பதரை மாசமும், சாப்பிடாமல்.

செவ்வாய் பின்னேரம் தவயோகன் போன் எடுத்தார்.
"தம்பி, கடையில் கேட்ட மாதிரியே இருக்குது.
அச்சொட்டாய்!"
சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
"கொஞ்சம் பொறுங்கோ, கேளுங்கோ" என்று
அவர் போனை ஸ்பீக்கருக்குக் கிட்டப் பிடித்தார்.

ஒன்பதாம் மாடியிலிருந்து,
கடற்காற்றோடும் யாரோ கோப்பை கழுவும் சத்தத்தோடும்,
என் காதோரத்து நகக்கண் அளவு துவாரத்தால்
அந்த வயலின் வந்தது.

ஒரு அடி முன்னுக்குத்தான் இருந்தது.