முப்பத்தோராம் நாள், கன்னியா

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தாயிற்று.
ஐயர் தட்சணையை எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு
அடுத்த சாவீட்டுக்காரரிடம் போய்விட்டார்.
ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு நடுவே நாங்கள் நாலு பேர்,
ஈர வேட்டி, ஈரச் சேலை,
என்ன கதைப்பதென்று தெரியாமல்.

குகன் வாளியால் அள்ளி ஒவ்வொரு கிணறாய்ப்
பாதத்தில் ஊற்றிப் பார்க்கிறான்.
"இது சுடுது. இது பரவாயில்லை."
முப்பத்தெட்டு வயதிலும் அவன் வேலை அதுதான்:
முன்னால் போய், சூடு பார்த்து வந்து சொல்வது.
கடைக்குட்டிக்கு அடி விழாது என்று
நாங்கள்தான் கணக்குப் போட்டு அனுப்பினோம்.
கணக்கு இரண்டு தரம் பிழைத்தது.

அப்பாவுக்குச் சீனக்குடா மா ஆலையில் வேலை.
பின்னேரம் பாலையூற்றுக்கு வந்து சேரும்போது
இமைமயிர்வரை வெள்ளை.
தங்கமான மனிசன் என்பார்கள் தெருவில்.
தெருவில் அப்படித்தான் இருந்தார்.
சாராயம் எடுத்த நாளில் சைக்கிள் ஸ்டாண்டை
இரண்டு தரம் தட்டுவார், முதல் தட்டு தவறிவிடும்.
எடுக்காத நாளில் ஒரே தட்டு.
எடுக்காத நாள்தான் கூடாத நாள்.
அரிவரிக்கும் முந்தி நாங்கள் படித்தது அது.

சுகிர்தா அக்கா ஆஸ்பத்திரியில் இரவு நேர்ஸ்.
எந்தக் கட்டிலில் இருக்கிறவர்
இன்னும் பத்து நிமிடத்தில் கத்தப்போகிறார் என்று
மூச்சைக் கேட்டே சொல்லிவிடுவாள்.
"எங்கே படிச்சனீங்கள்?" என்று டொக்டர் வியந்தாராம்.
மட்டக்களப்பில் என்றாளாம்.
பெண்பார்க்க வந்தவர்களையும்
படலையடியில் கேட்ட காலடியை வைத்தே
வேண்டாம் என்றவள்.

வரோதயன் அண்ணன் ஒஸ்லோவிலிருந்து வந்திருக்கிறான்.
அங்கே வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டியிருக்கிறானாம்,
சாத்தினால் சத்தம் வராது.
பிள்ளைகள் குரலை உயர்த்தினால்
பனிக்குள் நடக்கப் போய்விடுவானாம். அண்ணி சொன்னாள்.
கேட்டால்,
"அப்பா எங்களுக்கு என்ன குறை வைச்சவர்?
நீங்கள்தான் எல்லாத்தையும் பெருப்பிக்கிறியள்."
பச்சைக் கோப்பை சுவரில் உடைந்த இரவு
அவன் ஞாபகத்தில், பூனை தட்டிவிட்ட இரவு.
எங்கள் வீட்டில் பூனை இருந்ததில்லை.

நான் பகிடிக்காரன்.
கந்தோரில், சாவீட்டில், நிலாவெளி பஸ்ஸில்கூட,
யாரோ ஒருவரின் முகம் இறுகினால்
என் வாய் தானாகத் திறந்து ஒரு கதை விடும்.
என்னோடு பன்னிரண்டு வருஷம் இருந்தவள்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொன்னாள்:
"ஒருநாளாவது நீ கோபப்பட்டிருக்கலாம்."
அதற்கும் ஒரு பகிடி சொன்னேன்.
நல்ல பகிடி. வாசல்வரை சிரித்தாள்.

அம்மாவைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.
கதவைத் திறக்க முதல்
தாலியைச் சட்டைக்குள் இறக்கிக்கொள்வாள்.
எதற்கென்று நாலு பேருக்கும் தெரியும்.

வாசலில், கற்பூரம் விற்கிற கடையடியில்
எவனோ ஒரு பெடியன் சைக்கிளை நிறுத்தினான்.
ஒரே தட்டு.

குகன் வாளியை ஓசையில்லாமல் கீழே வைத்தான்.
அக்காவின் கை அவன் பிடரியில்.
என் வாயில் ஒரு பகிடி வந்து நின்றது.
எல்லாருக்கும் முந்தித் திரும்பியவன் வரோதயன்,
முதுகு சுவரோடு,
மூச்சை எண்ணிக்கொண்டு.

"இளநி வேணுமோ?" என்றான் பெடியன்.

வேண்டாம் என்று சொல்லவும் ஒருவருக்கும் வரவில்லை.
அவன் போய் நெடுநேரத்துக்குப் பிறகு
அண்ணன் மெல்லச் சொன்னான்:
"அது பச்சை இல்லை. நீலம்."

பச்சைதான், என்றாள் அக்கா.
நானும் பச்சை என்றேன்.
பொறுக்கி அள்ளினது நான்,
வெள்ளைக் கோப்பை, விளிம்பில் மட்டும் நீலக்கோடு,
என்றான் குகன்.

ஈரம் காயும்வரை
அந்தக் கோப்பையைப் பற்றியே கதைத்துக்கொண்டு நின்றோம்.