பதினான்காம் நாள்

வெளியே நாற்பத்தொரு டிகிரி.
பெட்டிக்குள் முப்பத்தேழு.
ஊரைவிடக் கொஞ்சம் குளிர்ச்சியான இடத்தில்
வளர்கிறது கண்.

கண் என்று சொல்லக் கூடாது,
டாக்டர் திருத்துவார்:
மேல்தோல் செல்கள், ஒரே அடுக்கு.

ஒச்சப்பன், நாற்பத்து மூன்று, செல்லம்பட்டி.
புதுவீட்டுக்குச் சுண்ணாம்பு நீற்றியவர்.
கொதிக்கும் தொட்டி ஒருமுறை
அவரை ஏறிட்டுப் பார்த்தது.

கருவிழிக்கும் வெள்ளைக்கும் நடுவே
ஒரு வரப்பு உண்டு.
இடக்கண்ணில் அது கரைந்துபோய்
ரத்த நாளங்கள் உள்ளே மேய்ந்துகிடந்தன.
நல்ல கண்ணின் வரப்பில் எள்ளளவு வெட்டி
எனக்கு அனுப்பினார்கள்,
ஐஸ் பெட்டியில்,
லிஃப்டில் டீ கேனோடு சேர்த்து.

விதைத்த நிலம்
யாரோ ஒருத்தியின் பனிக்குடச் சவ்வு.
பெரியாஸ்பத்திரி சிசேரியன்.
பெயர் தர மாட்டார்கள், எண் மட்டும்.
ஆறு மாதம் உறைந்து கிடந்து
மறுபடி அவள் ரத்தம் சோதித்த பிறகே
என் கைக்கு வந்தது.
அந்தப் பிள்ளை இந்நேரம்
வில்லாபுரத்திலோ ஒத்தக்கடையிலோ
குப்புற விழுந்து தலை தூக்கும்.
அது கழற்றிப்போட்ட சட்டையில்
ஒச்சப்பன் முளைக்கிறார்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மீடியம் மாற்றுவேன்.
தண்ணி தூக்கலான ரோஸ்மில்க் நிறம்.
மஞ்சளித்தால் பசி.
ஐந்தாம் நாள் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
பெட்டிக் கதவில் முதுகு சாய்த்து நின்றேன்,
என்னவோ என் சூடு போதும் என்பதுபோல.

ஒன்பதாம் நாள் மைக்ரோஸ்கோப்பில்
கல் பாவிய தரையாய்
ஒன்றையொன்று ஒட்டி நின்றன.
பக்கத்தில் இடமில்லை என்றால்
நின்றுகொள்ளத் தெரிகிறது அவற்றுக்கு.
மாட்டுத்தாவணியில் நமக்குத் தெரியாது.

பதினான்காம் நாள் காலை
மேலே அனுப்பினேன்.
எட்டுத் தையல். ஒரு வாரம் கட்டு.
அவர் முகம் நான் பார்த்ததில்லை.

எப்போதும் இரண்டு தட்டில் வளர்ப்போம்,
ஒன்றில் பூஞ்சணம் பிடித்தால் இன்னொன்று.
இந்த முறை இரண்டும் பிழைத்துவிட்டன.
மிச்சம் வேண்டாம் என்று போன் வந்தது.

விதிப்படி
நூற்று இருபத்தொரு டிகிரியில்
இருபது நிமிடம் வேகவைக்க வேண்டும்.
கொண்டுபோகும் வழியில்
தட்டை ஒருதரம்
ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.
ஆவின் சிக்னலில்
சிவப்பு விழுந்திருந்தது.