எதிர்க்காற்று

தில்லியிலிருந்து சிகாகோ
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், சொச்சம்.
தூரம் போகவும் வரவும் ஒன்றுதான்.
நேரம் அப்படியில்லை.
போக எதிர்க்காற்று, பதினைந்தரை மணி.
வர முதுகில் காற்று,
ஒன்றரை மணி மிச்சம்.

இதைக் கணக்கிட்டுத் தரத்தான் எனக்குச் சம்பளம்.
ஜன்னலில்லாத அறை, மூன்று திரை,
ஏசிக்குப் பயந்து ஒரு சால்வை.

பயணிகளின் பெயர் என்னிடம் வராது.
எண்ணிக்கை வரும்.
ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்று சராசரி,
மணப்பெண்ணுக்கும் மல்யுத்தக்காரனுக்கும்
அதே எழுபத்தைந்து.

இன்றிரவு இருநூற்றுப் பதினாறு பேர்.
அதில் அமலதாஸ் ஒருவன்.
போன வாரம் முனிர்கா மருந்துக்கடைக் கருவியில்
அறுபத்திரண்டு காட்டியது.
மெஸ் சாப்பாடு என்று சிரித்தான்.
நானும் வேறு காரணம் சொல்லவில்லை.

பதின்மூன்று கிலோ
விமானத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.
ஆனாலும் தனியாகப் போட்டுப் பார்த்தேன்:
மிச்சமாகும் எரிபொருள்
அரைக் குடம்.
அழித்துவிட்டு, சராசரியிலேயே கையெழுத்திட்டேன்.
இரண்டு நாற்பதுக்குக் கிளம்பியது.

வீட்டுக்கு வந்தேன், தூங்கினேன்.
எழுந்து வெங்காயம் நறுக்கினேன்.
மூன்றாம் மாடிக்கு இருபது ரூபாய் கூடக் கேட்டு
சிலிண்டர்காரர் தகராறு,
கொடுத்தேன்.
காய்ந்த துணியையும் எடுத்தாயிற்று.

அவன் இன்னும் இறங்கவில்லை.

வருவதற்கு ஒன்றரை மணி குறைவு என்று
அவனிடம் சொல்லியிருக்கலாம்.
எல்லாருக்கும் சொல்வேன்.
நேற்று மட்டும்
வாயில் வரவில்லை.