இளஞ்சிவப்புப் பிரதி

சிலோயே தீவின் தென்கோடி, கெயோன்.
சால்மன் ஆலையின் மாடியறையில்
ஹீட்டருக்குப் பக்கத்து மேசை என்னுடையது.
கீழே ஈரத்தில் கத்தியோடு நிற்பவர்கள்
எனக்கு வைத்த பெயரும் அதுதான்: ஹீட்டர்.

விபத்துப் படிவம் நிரப்புவது என் வேலை.
ஒரு படிவத்துக்கு மூன்று தாள்.
வெள்ளை அலுவலகத்துக்கு,
மஞ்சள் காப்பீட்டுக்கு,
இளஞ்சிவப்பு அடிபட்டவருக்கு.
இளஞ்சிவப்பு யாருக்கும் போனதில்லை.
என் மேசையின் கடைசி இழுப்பறை
அதனால்தான் சரியாக மூடுவதில்லை.

சேர்ந்த முதல் வாரமே ஓஹெதா சொல்லிக்கொடுத்தார்:
"இயந்திரம் விரலை வெட்டியது என்று எழுதாதே.
இயந்திரத்துக்கு ஏது புத்தி?
விரலை வெட்டிக்கொண்டார் என்று எழுது."

கொண்டார்.
நாலெழுத்து.
நாலெழுத்தில் ஆலை கைகழுவிவிடும்.

நெலிடா குவைகின் விரலை வெட்டிக்கொண்டார்.
(தலைவெட்டும் இயந்திரத்தின் தடுப்புக் கம்பி
ஜூனிலேயே கழன்றுவிட்டது.
வலைக்கயிற்றால் கட்டிவைத்திருந்தார்கள்.)
ஓரியெட்டா தோளைக் கெடுத்துக்கொண்டார்.
(நிமிடத்துக்கு இருபத்திரண்டு மீன்.)
முக்குளிக்கும் ருபேன் லெபியோ
அவசரமாக மேலே வந்து
முட்டியில் காற்றை ஏற்றிக்கொண்டார்.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.
காற்றை யாராவது ஏற்றிக்கொள்வார்களா,
என்ன, சைக்கிள் டியூபா?
சிரித்தேன் என்பதையும்
எங்காவது எழுதிவைத்தாக வேண்டும்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை
பெட்டிக் கணக்கெடுக்கக் குளிரறைக்குப் போனேன்.
ஓஹெதா பின்னால் வந்தார்.
கதவு தானாகச் சாத்திக்கொண்டது என்றார்.
மைனஸ் பதினெட்டில்
இன்னொருவரின் மூச்சு பிடரியில் எப்படிச் சுடும் என்று
நான் தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை.
ஒரு கை. என் கோட்டின் இரண்டாம் பித்தான்.
பெட்டி அடுக்கைத் தள்ளிவிட்டு ஓடினேன்.

மாடிக்கு வந்து ஹீட்டரை அணைத்துவிட்டுப்
புதுப் படிவம் ஒன்றைக் கிழித்தேன்.
அதில் ஓர் உருவம் உண்டு,
முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று,
முகம் கிடையாது.
காயம்பட்ட இடத்தில் பெருக்கல் குறி போட வேண்டும்.
பிடரியில் போட்டேன்.
காயத்தின் வகை: வெட்டு, முறிவு, தீப்புண், நசுங்கல்.
மூச்சுக்குக் கட்டம் இல்லை.
எப்படி நேர்ந்தது?
பேனா பழகிய தடத்தில் ஓடியது:
பணியாளர் குளிரறையில் மாட்டிக்கொண்டார்.

கொண்டார்.
என் கையெழுத்தில், என்னைப் பற்றி.

வெகுநேரம் அதையே பார்த்திருந்தேன்.
கீழே பெல்ட் ஓடும் சத்தம், யாரோ இருமும் சத்தம்.
பிறகு அடித்துவிட்டு எழுதினேன்:
ஓஹெதா கதவைச் சாத்தினார்.
ஓஹெதா என்னைப் பிடித்தார்.
எழுவாய், செயப்படுபொருள், பயனிலை,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல.
கை நடுங்கியது. அதையும் எழுதினேன்,
கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில்.

வெள்ளைத் தாள் ஓஹெதாவின் மேசைக்குத்தான் போகும்.
தெரியும்.
மஞ்சளை எடுத்துக்கொண்டு கஸ்த்ரோவுக்குப் பேருந்து ஏறினேன்.
தொழில் ஆய்வாளர் அலுவலகத்தில்
ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண்
முத்திரை குத்திவிட்டு, தலை தூக்காமல் கேட்டாள்:
"இது ஒன்றுதானா?"

ஞாயிற்றுக்கிழமை. மழை, வேறென்ன.
இழுப்பறையைப் பையில் கவிழ்த்து
வீடுவீடாகப் போனேன்.
"ஹீட்டர் வந்திருக்கு" என்று உள்ளே குரல்கொடுத்த ஓரியெட்டா
வாசலிலேயே தாளை வாங்கிக் கதவை அடைத்தாள்.
ருபேனின் மனைவி திட்டினாள்.
இரண்டு வருஷம் கழித்தா, அவர் நடக்கவே மறந்த பிறகா?
நான் பதில் வைத்திருக்கவில்லை.

நெலிடா வீட்டில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.
தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
உதடசைத்துப் படித்தாள்.
ஒரு வரியில் நின்றாள்.
திரும்ப முதலிலிருந்து படித்தாள்.
அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்தது,
இருவரும் எழுந்திருக்கவில்லை.

"பேனா இருக்கிறதா?" என்றாள்.

கொடுத்தேன்.
இடக்கையால் வாங்கினாள்.