க்ரூஹ்

ஐசோன்ஸோ ஆற்றுக்கு இந்தப் பக்கம்
முள்கம்பிக்குப் பின்னால் பிடிபட்டவர்கள்.
ஆஸ்திரியச் சீருடை. பேச்சு மட்டும் வேறு.
ரொட்டி வண்டி தள்ளுகிறவன் நான்,
துயீலியோ, பதினாறாம் ஆண்டில் வயது பதிமூன்று.
சக்கரம் கிறீச்சிட்டாலே எழுந்து நிற்பார்கள்.
க்ரூஹ், என்பார்கள். க்ரூஹ், க்ரூஹ்.
தொண்டையில் முள் சிக்கியதுபோல ஒரு சொல்.

காக்கையாகக் கரைகிறான்கள் பார்
என்றான் காவலுக்கு நின்ற பஸ்கூட்டி.
சாயங்காலத்துக்குள் பெயர் வைத்தாயிற்று:
ஒருவன் என்றால் க்ரூக்கோ. பலர் என்றால் க்ரூக்கி.
வேறு முகாம்களிலும் வைத்திருப்பார்கள்,
பசி எங்கும் ஒரே மாதிரிதானே கத்துகிறது.
எங்கள் மொழியின் வாலை ஒட்டியதும்
கேட்டது உதிர்ந்து
ஏச்சு மட்டும் நின்றது.

அப்புறம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து
யார் வந்தாலும் அதே பெயர்.
நாற்பத்து நாலில் ஜெர்மன்காரர்களுக்கு மாட்டிவிட்டோம்,
செத்தவன் சட்டையை
அளவு பாராமல் மாட்டுவதுபோல.

தினம் எண்பது ரொட்டி எண்ணி வாங்க வருவான் எக்கார்ட்.
எண்ணும்போது உதடு அசையும்.
ஒருநாள் என் கடைச் சுவரில் சுண்ணக்கட்டி எழுத்து.
என்ன அர்த்தம் என்றான்.
கையில் கொதிக்கும் தட்டு. தெருவில் அவன் ஆட்கள் நாலு பேர்.
ரொட்டி, என்றேன்.
உங்கள் ஊர்ப்பேச்சா?
ஆமாம்.
ரொட்டிக்கடைச் சுவர்தானே, தலையாட்டிவிட்டுப் போனான்.
மாவு மூட்டைகளுக்கு நடுவே
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் என் மனைவி நொயேமி.
அர்த்தம் சொன்னதில் பொய்யில்லை.
ஊர்ப்பேச்சு என்றதுதான்.

அடுத்த மே மாதம். பள்ளிக்கூட மைதானம். முள்கம்பி.
எண்ணெய் காணாத அதே சக்கரம்.
தொப்பியில்லாமல் நின்றான் எக்கார்ட்,
காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன.
பானே என்று கேட்க அவனுக்குத் தெரியும்.
ஊர்ப்பேச்சில் கேட்டால் மனம் இளகும் என்று நினைத்தானோ,
கம்பிக்கு வெளியே கையை நீட்டி,
மரியாதையாக, என் கண்ணைப் பார்த்து,
க்ரூக்கோ, என்றான்.
க்ரூக்கோ.

கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பையன்கள்
துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள்:
தன் பெயரைத் தானே சொல்லிக் கூப்பிடுகிறான் பார்!
இல்லையடா, அவன் சரியாகத்தான்
என்று தொடங்கினேன்.
யாரும் கேட்கவில்லை.
பக்கத்தில் இன்னும் இருநூறு கை.

அரை ரொட்டிதான் கொடுக்க முடிந்தது.
வாங்கும்போது உதடு அசைந்தது.
எண்ணினானா, நன்றி சொன்னானா, தெரியாது.